குமிழி நிற்கும் வரை

லாரி நின்றதும் முதலில் இறங்கியது பம்பு. மனைவி, மகள், பாய், படுக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். பம்புக்காரன் எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் இறங்குகிற வரிசை இதுதான்.

"கட்டினவ கீழ விழுந்தாக்கூட திரும்பிப் பாக்க மாட்டாரு. அந்த இரும்புல ஒரு கீறல் விழுந்தா அன்னைக்கு சோறு இறங்காது" என்று மனைவி லாரி டிரைவரிடம் புகார் சொன்னாள். டிரைவர் சிரித்தார். பம்புக்காரனும் சிரித்துக்கொண்டே பம்பின் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

அவர்கள் தங்க வேண்டிய வீடு சதுப்பின் கரையில் மரக்கால்களின் மேல் நின்றது. எப்போதோ பறவைகளைப் பார்க்க வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன பழைய வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, தண்ணீரைப் பார்த்தபடி நீளமாக ஒரு ஜன்னல். மரக்கால்களில் இடுப்பு உயரத்துக்குப் பச்சையாக ஒரு கோடு ஓடியது. மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறுமாம். அழுகிய இலையும் மீனும் ஈரமண்ணும் கலந்த வாடை வீட்டுக்குள் முன்கூட்டியே குடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், கோரை, நாணல்.

அப்புறம் தவளைகள். அவற்றைப் பார்க்க முடியவில்லை, கேட்கத்தான் முடிந்தது. ஒன்று தொடங்கும், இன்னொன்று எடுத்துக் கொடுக்கும், பிறகு எல்லாமாகச் சேர்ந்து காதைப் பிளக்கும். திடீரென்று யாரோ அதட்டிய மாதிரி ஒரே நொடியில் அடங்கிவிடும்.

"அப்பா, யாருப்பா அதுங்களை வாயை மூடுன்னு சொல்றது?" என்று பாப்பா கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒரு அம்மா இருக்கும்ல" என்றான் பம்புக்காரன்.

பாப்பாவுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. பாசி பிடித்த வாடகை அறைகளில் வளர்ந்த நெஞ்சு அது. இழுப்பு வந்தால் விலா எலும்புகள் எழுந்து எழுந்து அடங்கும். ஓட்டைக் குழாயில் தண்ணீர் ஏறாமல் காற்று சீறுவது போல ஒரு சத்தம் வரும், அதன் முடிவில் சின்னதாக ஒரு விக்கல். அந்த விக்கல் பெற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த சத்தம். அதைக் கேட்டுக் கேட்டே பம்புக்காரனுக்குத் தலை நரைத்துவிட்டது. "ஈரமில்லாத வீடாப் பாருங்க. இல்லன்னா இந்த நெஞ்சு ரொம்ப நாள் தாங்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஈரமில்லாத வீட்டைத் தருவதாகச் சொன்னவர் மேஸ்திரி. மனைவியின் சொந்த அண்ணன். சதுப்பை வற்றவைத்து மனை போட்டு விற்பவர்களிடம் வேலை எடுத்திருந்தார். அன்று மாலையே வந்து, நாற்காலியில் சாய்ந்து, பேச்சு முடிவதற்குள் குறட்டை விட ஆரம்பிக்கிற அளவுக்கு அசதியோடு பேசினார்.

"மாப்ள, முழுசா வத்த வச்சுக் குடு. மூலை மனை உனக்கு. வீட்டையும் நானே கட்டித் தரேன். காஞ்ச தரை, காஞ்ச சுவர். என் மருமக நெஞ்சுக்கு அதை விட மருந்து ஏது?"

"முழுசான்னா, மச்சான்?"

"முழுசான்னா முழுசா. ஒரு குட்டை மிஞ்சினாலும் வாங்க வர்றவன் கொசு வரும்பான். ஒரு சொட்டு நிக்கக் கூடாது."

"பாப்பா நெஞ்சுக்கு ஈரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு" என்றாள் மனைவி, தட்டைக் கழுவிக்கொண்டே. "எங்க அண்ணனுக்கு அந்தக் கவலையே இல்ல. பொறந்ததுல இருந்தே நெஞ்சில ஈரம் கிடையாது."

எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் மேஸ்திரிதான்.

மறுநாள் காலை பம்பைக் கரையில் இறக்கி, குழாயைத் தண்ணீரில் போட்டு, இன்ஜினைக் கிளப்பினான். இன்ஜின் ஓடியதே தவிர தண்ணீர் ஏறவில்லை. பம்பு வறட்டு இருமல் இருமியது.

"என்னப்பா ஆச்சு?"

"காத்து பிடிச்சிருக்கு."

பாப்பா யோசித்தாள். "எனக்கு இழுக்குதே, அதுவும் காத்து பிடிக்கிறதுதானா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

பம்பின் தலையில் இருந்த மூடியைத் திருகிக் கழற்றி, வாளியில் தண்ணீர் மொண்டு, அந்த வாய்க்குள் ஊற்றிக் காட்டினான். உள்ளேயிருந்து குமிழிகள் புடைத்துக்கொண்டு வந்து உடைந்தன.

"உள்ள இருக்கிற காத்து வெளிய வருது பாரு. குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்தணும். நடுவில நிறுத்தக் கூடாது, நிறுத்தினா மறுபடி காத்து உள்ள போயிடும். கடைசிக் குமிழியும் வந்து, தண்ணி வாய் வரைக்கும் அசையாம நின்னா, குணமாயிடுச்சுன்னு அர்த்தம்."

பாப்பா வாளியை வாங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, சிந்தாமல் ஊற்றினாள். குமிழி நின்றது. மூடியை இறுக்கி இன்ஜினைக் கிளப்பியதும் தண்ணீர் பீறிட்டது. அப்பனும் மகளும் கை தட்டினார்கள். அவன் பிள்ளைக்குச் சொல்லித் தந்த தொழில் அது ஒன்றுதான். சொல்லித் தராமலே இருந்திருக்கலாம்.

உறிஞ்சுகிற குழாயின் நுனியில் ஒரு கம்பிக்கூண்டு இருக்கும், கல்லும் குச்சியும் உள்ளே போகாமல் தடுப்பதற்கு. சதுப்பில் கல் இல்லை. உயிர்தான் இருந்தது. மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் நத்தையும் கூண்டைச் சுற்றி அப்பிக்கொண்டு வழியை அடைத்தன. அடிக்கடி பம்பை நிறுத்தி, குழாயைத் தூக்கி, வழித்துப் போட்டுவிட்டு மறுபடி இறக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி பார்த்தார்.

"அந்தக் கூண்டைக் கழட்டிப் போடு மாப்ள. வர்றது வரட்டும்."

"உள்ள போனா சிதைஞ்சிடும் மச்சான்."

"எது, பம்பா?"

"மீனு."

"மீனுக்காடா நான் சம்பளம் குடுக்கிறேன்?"

பம்புக்காரன் கூண்டைக் கழற்றினான். தயங்கினான் என்று சொல்ல ஆசைதான். தயங்கவில்லை. அன்று காலை பாப்பாவுக்கு உதடு நீலம் பாய்கிற அளவுக்கு இழுத்திருந்தது. அவன் கண்ணுக்கு மூலை மனையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. குழாயின் மறுமுனை ஒரு கால்வாயில் விழுந்தது. அங்கே தண்ணீர் இளஞ்சிவப்பாக விழுந்தது. பருந்துகள் வந்து உட்கார்ந்தன, தின்று தின்று பறக்க முடியாமல் அங்கேயே நடந்தன. சில நேரம் பம்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஆமைக்குஞ்சு. முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு அவன் முகத்தைச் சுளித்தான். பிறகு சாப்பிட்டுக்கொண்டே கேட்கப் பழகிவிட்டான்.

நீர்க்கோழி ஒன்று மிதக்கிற செடிகளின் மேல் கூடு கட்டி முட்டை வைத்திருந்தது. தண்ணீர் இறங்க இறங்கக் கூடும் இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது. சுற்றிலும் தண்ணீர் இருந்த வரை நாய் அண்ட முடியாது. இப்போது நடந்தே வந்தது. கோழி ஓடவில்லை. முட்டைகளை இறக்கையால் மூடிக்கொண்டு நாயையே பார்த்துக்கொண்டு இருந்தது. பாப்பா ஜன்னலிலிருந்து கத்தினாள். பம்புக்காரன் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். அது நாய் மேல் படவில்லை. அவன் இன்னொன்று எடுக்கவும் இல்லை.

ஒரு சாயங்காலம் வெகுதூரத்திலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. ஆண்டுதோறும் இங்கே இறங்குகிற கூட்டம் போலிருக்கிறது. வந்து, சுற்றி, மறுபடி சுற்றி, இறங்க இடம் தெரியாமல் இருட்டுகிற வரை கத்திக்கொண்டே வட்டமடித்தன. காலையில் சில சேற்றில் கிடந்தன, சிறகு விரித்தபடி. மேஸ்திரி அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

தவளைச் சத்தம் ஒவ்வொரு பக்கமாக அணைந்தது. பம்பு ஓடாத நேரத்தில் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. காய்ந்த சேறு தூளாகி எழுந்து, ஜன்னல், தட்டு, தலையணை எல்லாவற்றிலும் படிந்தது. பாப்பாவுக்கு இழுப்பு அதிகமானது. "தண்ணி வத்தினா சரியாயிடும்னீங்க" என்றாள் மனைவி. "முழுசா வத்தட்டும்" என்றான் அவன்.

கடைசியில் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. மிச்சமிருந்த உயிரெல்லாம் அதில் வந்து சேர்ந்திருந்தது. பாப்பா பகலெல்லாம் அதன் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இங்க உக்காந்தா எனக்கு இழுக்கலப்பா."

உண்மைதான். அவள் மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. பம்புக்காரன் அதைக் கவனித்தான். விளையாட்டில் மறந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"இதை மட்டும் விட்டுடுப்பா. இதுங்க எங்க போகும்?"

"விட்டுடறேன், கண்ணு."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

மறுநாள் மனைவி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மருந்து வாங்கப் போனாள். பஸ் மறைந்ததும் பம்புக்காரன் குழாயைக் குட்டையில் இறக்கினான். மனை அளக்க ஆள் வருகிறது என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைக்கு வீடா, பிள்ளையிடம் சொன்ன வார்த்தையா என்று ஒரு கணம் நினைத்தான். வீடு என்று முடிவு செய்தான்.

உச்சிவெயில். தண்ணீர் இறங்கியது. மீன்களின் முதுகு தெரிந்தது, பிறகு வயிறு தெரிந்தது. ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து, எல்லா வாயும் திறந்து, மூடி, திறந்து, மூடி. பாப்பாவுக்கு இழுக்கும்போது வாய் அப்படித்தான் திறக்கும். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தண்ணீர் தீர்ந்ததும் குழாய் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அவனுக்குப் பழகிய சத்தம்தான்.

சீறல். நீளமான சீறல். அதன் முடிவில் சின்னதாக ஒரு விக்கல்.

பம்புக்காரன் ஓடிப் போய் இன்ஜினை நிறுத்தினான்.

இன்ஜின் நின்றது.

இழுப்பு நிற்கவில்லை.

அசையாமல் நின்ற இரும்புக்குள்ளிருந்து அவன் மகளின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று அவன் முகத்தில் பட்டது. அதில் அவள் குடிக்கிற இருமல் மருந்தின் வாசனை அடித்தது.

பிறகு எல்லாம் அடங்கியது, யாரோ அதட்டிய மாதிரி.

திரும்பிப் பார்த்தான். குவிந்து கிடந்த மீன்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. சேற்றில் துளைகள் மட்டும் இருந்தன. எல்லாத் துளையும் ஈரமாக, வட்டமாக, அவனைப் பார்த்துத் திறந்திருந்தன.

சாயங்காலம் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. "என்னங்க, உச்சி வேளைல பஸ்ல போய்க்கிட்டே இருக்கோம், திடீர்னு இழுப்பு நின்னுடுச்சு! குழாயை மூடின மாதிரி. அப்புறம் ஒரு தடவை கூட வரல!"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

மேஸ்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூலை மனையில் வீடு எழும்பியது. காய்ந்த தரை, காய்ந்த சுவர், ஒரு பொட்டு பாசி கிடையாது. பின்புறம் ஒரு கிணறு. அக்கம்பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் குடிவந்தன. பாப்பாவின் இழுப்பு போனது போனதுதான்.

டாக்டரிடம் காட்டப் போனார்கள். அவர் குழலைப் பாப்பாவின் நெஞ்சில் வைத்தார். எடுத்தார். குழலை உதறிவிட்டு மறுபடி வைத்தார். முகம் வெளுத்தது.

"நெஞ்சில இழுப்பு இல்ல" என்றார்.

"வேற ஏதாவது இருக்குங்களா?" என்றாள் மனைவி.

அவர் குழலை மேசைக்குள் வைத்து மூடிவிட்டு, எழுந்து போய் வெகுநேரம் கை கழுவினார்.

அன்று சாயங்காலம் மனைவி தானே மகளின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். முதலில் ஒன்று தொடங்கியது. இன்னொன்று எடுத்துக் கொடுத்தது. பிறகு எல்லாமாகச் சேர்ந்து கத்தின. அவள் "ஐயோ!" என்றதும் ஒரே நொடியில் அடங்கின.

பாப்பாவுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குவளை போய்ச் சொம்பு வந்தது, சொம்பு போய் வாளி வந்தது. குடித்த தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியவில்லை. குதிகாலும் முழங்கையும் வெடித்தன. ரத்தம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் மண் உதிர்ந்தது. தொட்டியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினால் வெடிப்புகள் மூடிக்கொள்ளும், முகம் தெளியும், சிரிப்பாள். வெளியே எடுத்தால் மறுபடி வெடிக்கும்.

"தரைக்குக் கீழ என்னங்க சத்தம்?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். "முணுமுணுங்குது."

"காத்தா இருக்கும்" என்றான்.

"காத்து இல்லப்பா" என்றது தொட்டிக்குள்ளிருந்து பாப்பாவின் குரல். "அதுங்க காத்துக்கிட்டு இருக்குங்க."

வீடு பார்க்க வந்த மேஸ்திரி ஒரு நாள் மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு முன்னறைத் தரையில் மல்லாந்து படுத்தார். சாயங்காலத்துக்குள் வேறொரு சதுப்பைப் பார்க்கப் போக வேண்டும், அதற்கும் மாப்பிள்ளைதான் பம்பு ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப் போனார். குறட்டை கதவை அதிர வைத்தது. மனைவி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பம்புக்காரன் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வரவர உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது அந்தச் சதுப்புதான். அதை இரவு பகலாக உறிஞ்சிக் கால்வாய் வழியே கடலுக்கு அனுப்பியவன் அவனேதான். அது அவனுக்கு இப்போதுதான் உறைத்துக்கொண்டிருந்தது.

குறட்டை நின்றது.

நடுவில் அறுந்தது போல நின்றது.

இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே ஓடினார்கள். மேஸ்திரி படுத்தபடியே கிடந்தார். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. உதடு வரை பச்சைத் தண்ணீர் தளும்பாமல், அசையாமல் நின்றது. அதன் மேல் சின்ன இலைப்பாசி ஒன்று மிதந்தது. அதற்கடியில் ஒரு தலைப்பிரட்டை வாலை ஆட்டி நீந்திக்கொண்டிருந்தது.

தலைமாட்டில் பாப்பா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பம்புக்கு ஊற்றுகிற பழைய வாளி இருந்தது. வாளி சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

"மாமாவுக்குக் காத்து பிடிச்சிருந்ததுப்பா" என்றாள். "குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்தினேன். நடுவில நிறுத்தவே இல்ல."

பாராட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

தூக்கத்தில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். தூக்கும்போது வாயிலிருந்து கொட்டிய தண்ணீரை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாமான் ஏற்றின. தங்கள் கிணறு வற்றிவிட்டது என்றுதான் காரணம் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை.

மனைவி அண்ணனுக்காக அழுது முடித்த பிறகு ஒரு நாள் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசிக் குட்டையை வத்த வச்சீங்களா?"

"உங்க அண்ணன்தான் ஒரு சொட்டு நிக்கக் கூடாதுன்னு…"

"அது எனக்குத் தெரியும். விட்டுடறேன்னு பிள்ளைகிட்ட சத்தியம் பண்ணீங்களாமே. யார் மேல பண்ணீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். தரையில் சுவருக்குச் சுவர் ஒரு விரிசல் ஓடியிருந்தது. நேற்று அது இல்லை.

கிணற்றுத் தண்ணீர் கலங்கி, சேறாகி, அடியில் கண்ணாடி போல ஒரு மினுக்கம் மட்டும் மிஞ்சியது. கயிறு எட்டவில்லை. பாப்பாவைத் தொட்டியில் வைக்கத் தண்ணீர் இல்லாமல் தரையில் ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். துணி போட்ட உடனே காய்ந்தது. அவள் கன்னத்தில் வெடிப்பு ஓடியது. வீட்டில் ஒரே ஒரு வாளித் தண்ணீர்தான் இருந்தது. அடுத்த தண்ணீருக்கு நெடுஞ்சாலை வரை நடக்க வேண்டும். போய்த் திரும்புவதற்குள் இந்தப் பிள்ளை தாங்காது.

பம்புக்காரன் பம்பைக் கிணற்றடிக்கு இழுத்து வந்து, குழாயை இறக்கினான். பிறகு வந்து வாளியைத் தூக்கினான்.

"எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க?" மனைவி வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"பம்புக்கு ஊத்தினாத்தான் அது தண்ணி பிடிக்கும்."

"பிள்ளைக்கு ஊத்துங்க!"

"ஒரு வாளி எவ்வளவு நேரம்டி தாங்கும்? பம்பு பிடிச்சிடுச்சுன்னா கிணத்தையே கொண்டாந்து ஊத்தலாம். என் தொழில் எனக்குத் தெரியாதா?"

பாப்பா கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தபோது மண் உதிர்ந்தது.

"எனக்காப்பா? பம்புக்கா?"

"பம்புக்குக் குடுத்தா உனக்கு நிறைய வரும், கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றான். 'உன் மேல' என்று இந்த முறை அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வாளியைக் கொண்டுபோனான். மூடியைக் கழற்றி ஊற்றினான். குமிழிகள் வந்தன. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். வாளி காலியாகிற அதே நேரம் கடைசிக் குமிழியும் உடைந்தது. தண்ணீர் வாய் வரை அசையாமல் நின்றது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூடியை இறுக்கி இன்ஜினைக் கிளப்பினான்.

பம்பு இழுத்தது.

சீறல். நீளமான சீறல். அதன் முடிவில் விக்கல்.

தண்ணீர் வரவில்லை. அடியில் மினுங்கியது தண்ணீரே இல்லை. வெயிலில் காய்ந்த ஏதோ மீனின் செதில்.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி அலறினாள். அவன் ஓடினான். முன்னறையில் ஈரத்துணி மட்டும் கிடந்தது. தரை விரிசல் ஒரு பிள்ளை நுழைகிற அகலத்துக்குத் திறந்திருந்தது. மனைவி தோள் வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்தபோது நகங்கள் பிய்ந்திருந்தன.

"என் கையைப் பிடிச்சுக்கத்தான் பாத்தா" என்றாள். "விரல் உதிர்ந்துடுச்சுங்க. கையிலேயே உதிர்ந்துடுச்சு."

அவன் விரிசலில் முகத்தைப் புதைத்து மகளைக் கூப்பிட்டான். கீழே ஈரமண் வாடை அடித்தது. எத்தனையோ வாய்கள் திறந்து மூடுகிற மெல்லிய சத்தம் கேட்டது. மீனும் தவளையும் மண்ணுக்குள் இறங்கி, மழை வரும் வரை செத்தது போலக் கிடக்கும் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். பிள்ளைகள் அப்படிக் கிடக்குமா என்று சொல்ல அவனுக்கு யாரும் இல்லை.

அந்தக் குடியிருப்பில் இப்போது அவர்கள் இருவர் மட்டும்தான். மழை வரவில்லை. பம்புக்காரன் தினமும் நெடுஞ்சாலைக்கு நடந்து, போகிற லாரிக்காரர்களிடம் கெஞ்சி, ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வருகிறான். மனைவி விரிசல் ஓரத்தில் தரையோடு காதை வைத்துப் படுத்திருக்கிறாள். அவனோடு அவள் பேசுகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

"ஊத்துங்க."

ஊற்றுவான். விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. கிணற்றடியில், இன்ஜினும் குழாயும் கழற்றிப் போட்ட பம்பு உச்சி வேளை தவறாமல் இழுக்கத் தொடங்கும். அதன் விக்கல் இங்கே வரை கேட்கும். பிறகு இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக, ஒவ்வொன்றாகக் குமிழி மேலே வரும்.

குமிழி நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைக்கு அதைச் சொல்லித் தந்தவன் அவன்தான். இப்போது வாளியைச் சாய்க்கும்போதெல்லாம் குமிழி நின்றுவிடுமோ என்றுதான் பயப்படுகிறான். நடுவில் நிறுத்தவும் கூடாது.

இன்றும் ஊற்றினான். குனிந்து பார்த்தான்.

ஒரு குமிழி வந்து உடைந்தது. அதற்குள்ளிருந்து இருமல் மருந்து வாசனை அடித்தது.

"இன்னும்" என்றது குரல்.